தறி ஓடுவதையே பார்க்காதவர் கண்டுபிடித்த விசைத்தறி: பாதிரியார் கார்ட்ரைட்டின் கதை

நீங்க இப்போ போட்டிருக்கிற சட்டையோ ஜீன்ஸோ, அதோட ஒரு ஓரத்தை போன் கேமராவுல நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. (டி-ஷர்ட் வேண்டாம். அது பின்னலாடை, வேற டிபார்ட்மென்ட். திருப்பூர்க்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க.) நீளவாக்கில் ஒரு வரிசை நூல், குறுக்கே இன்னொரு வரிசை நூல். நீளவாக்கில் இருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒன்று மேலே ஏறினால் அடுத்தது கீழே இறங்கும். ஆயிரக்கணக்கான வருஷமா துணின்னா அடிப்படையில் இவ்வளவுதான்.

அந்த மேலே, கீழே, குறுக்கே வேலையை மனிதக் கை இல்லாமல் செய்ய முடியுமான்னு சீரியஸா உட்கார்ந்து யோசிச்ச ஒருத்தர் இன்ஜினீயர் இல்லை. நெசவாளர் இல்லை. தச்சர்கூட இல்லை. இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்துகொண்டு, நேரம் கிடைத்தால் கவிதை எழுதிக்கொண்டிருந்த பாதிரியார். பெயர் எட்மண்ட் கார்ட்ரைட். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு தடதட சத்தம் நிற்காமல் கேட்குமே, அந்த விசைத்தறியின் கொள்ளுத் தாத்தாவை உருவாக்கியவர்.

அந்தத் தறியால் பின்னாளில் பலர் கோடீஸ்வரர் ஆனார்கள். பல லட்சம் பேர் பட்டினி கிடந்தார்கள். இவர் அந்த ரெண்டு பக்கத்திலும் இல்லை. இவருக்குக் கிடைச்சது கடன்.

மூணு அண்ணன் தம்பி, மூணு ரூட்

1743 ஏப்ரல் 24 அன்று நாட்டிங்ஹாம்ஷயரில் மார்ன்ஹாம் என்ற கிராமத்தில் பிறந்தார் கார்ட்ரைட். பழைய நிலக்கிழார் குடும்பம். வீட்டில் யாருமே சும்மா இருக்கிற ஆள் இல்லை. அண்ணன் ஜார்ஜ், கனடாவின் லாப்ரடார் பனிக்கரைக்குப் போய், தோல் வியாபாரம் செய்துகொண்டு வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தார். இன்னோர் அண்ணன் ஜான், கடற்படை அதிகாரி. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு எதிராகப் போரிட மாட்டேன் என்று மறுத்தவர். எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த அரசியல்வாதி. இங்கிலாந்து வரலாற்றில் மேஜர் கார்ட்ரைட் என்றால் இன்றும் ஜானைத்தான் சொல்வார்கள்.

எட்மண்டுக்கு அமைந்தது ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, பிறகு திருச்சபை வேலை. 1770களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒரு நீண்ட காதல் கவிதை அந்தக் காலத்து ஹிட். பல பதிப்பு ஓடியது. 1772-ல் டான்காஸ்டர் ஊரைச் சேர்ந்த ஆலிஸ் விட்டேக்கரைத் திருமணம் செய்தார். 1779-ல் லெஸ்டர்ஷயரில் காட்பி மார்வுட் என்ற ஊருக்குப் பாதிரியாராகப் போனார்.

அங்கே நிம்மதியாகவே இருந்திருக்கலாம். ஆனால், மனுஷனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் கை வைத்துப் பார்த்துவிடுவார். ஒருமுறை கடும் காய்ச்சலில் சாகக் கிடந்த ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு பீர் நொதிக்கவைக்கும் ஈஸ்டைக் கொடுத்துப் பார்த்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஊர்க்காரர்களுக்கு அரை டாக்டராகவும் ஆகிவிட்டார். (வீட்டுல யாரும் ட்ரை பண்ணாதீங்க, ப்ளீஸ்.) விஷயம் தெரியாது என்பது அவரை எப்போதும் தடுத்ததில்லை. இந்தக் குணத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவரைத் தூக்கிவிட்டதும் இதுதான், கவிழ்த்துவிட்டதும் இதுதான்.

மேட்லாக்கில் ஒரு சாப்பாட்டு மேஜை

1784 கோடைக்காலம். மேட்லாக் என்ற ஊருக்குப் போயிருந்தார். ஊற்று நீரில் குளித்து ஓய்வெடுக்க வசதியானவர்கள் கூடும் இடம். பக்கத்திலேயே க்ராம்ஃபோர்டு. அங்கே ரிச்சர்ட் ஆர்க்ரைட், ஆற்று நீரின் விசையில் இயங்கும் நூற்பாலையை 1771-ல் தொடங்கி, பணத்தை மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். மான்செஸ்டரிலிருந்து வந்திருந்த சில கனவான்களோடு கார்ட்ரைட் உட்கார்ந்தபோது, பேச்சு இயல்பாகவே ஆர்க்ரைட் பக்கம் போனது.

இங்கே ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக் வேணும். 1733-ல் ஜான் கே என்பவர் நெசவில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். ஊடை நூலைச் சுமந்து பாவுக்குள் குறுக்கே ஓடும் படகு மாதிரியான கட்டைக்கு நாடா என்று பெயர். கையால் தள்ளிக்கொண்டிருந்த அந்த நாடாவை, கயிற்றைச் சுண்டினாலே பறக்கும்படி செய்துவிட்டார். நெசவாளரின் வேகம் எகிறியது. நூல் நூற்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்க பல பெண்கள் ராட்டை சுற்ற வேண்டியிருந்தது. ஆர்க்ரைட் போன்றவர்களின் இயந்திரம் வந்ததும் நிலைமை அப்படியே தலைகீழ். இப்போது நூல் மலைபோல் குவிகிறது. நெய்யத்தான் கை இல்லை.

ஆர்க்ரைட்டின் காப்புரிமை முடிந்தால் ஆளாளுக்கு நூற்பாலை தொடங்கிவிடுவார்கள், அத்தனை நூலையும் யார் நெய்வது என்பதுதான் மான்செஸ்டர்காரர்களின் கவலை. அப்படியானால் ஆர்க்ரைட் ஒரு நெசவு இயந்திரத்தையும் கண்டுபிடித்துவிட வேண்டியதுதானே என்று சாதாரணமாகக் கேட்டார் கார்ட்ரைட். நடக்கவே நடக்காத காரியம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காரணங்களுக்குப் பதில் சொல்ல பாதிரியாருக்குத் தொழில் அறிவு கிடையாது. ஆனால், அவர் கையில் ஓர் உதாரணம் இருந்தது. அந்தச் சமயத்தில் லண்டனில் ஒரு செஸ் பொம்மையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தலைப்பாகை கட்டிய துருக்கியர் உருவம், முன்னால் ஒரு பெரிய பெட்டி, அதன் மேல் சதுரங்கப் பலகை. வியன்னாவிலிருந்து கெம்ப்பெலென் என்பவர் கொண்டுவந்தது. எதிரே யார் உட்கார்ந்தாலும் அந்தப் பொம்மை தானே காயை நகர்த்தி விளையாடும், பெரும்பாலும் ஜெயிக்கும். இன்னிக்கு நாம ஏ.ஐ. பத்தி வாயைப் பிளக்கிற மாதிரி, அன்னிக்கு ஐரோப்பாவே அதைப் பார்த்து வாயைப் பிளந்தது.

செஸ் ஆடும் இயந்திரத்தையே செய்துவிட்டார்கள், துணி நெய்யும் இயந்திரம் அதைவிடவா கஷ்டம் என்பதுதான் கார்ட்ரைட்டின் வாதம். அந்தப் பொம்மையை மறந்துடாதீங்க. கடைசியில மறுபடி வருவோம்.

முதல் தறி: ஒரு அழகான சொதப்பல்

ஊருக்குத் திரும்பியதும் தச்சர் ஒருவரையும் கொல்லர் ஒருவரையும் கூப்பிட்டார். அதுவரை ஒரு தறி ஓடுவதைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. தனக்குத் தானே யோசித்து ஒரு கணக்குப் போட்டார். சாதா நெசவில் மூன்றே அசைவுதான். பாவு நூல்களில் பாதியை மேலே தூக்கி, பாதியைக் கீழே இறக்கி வழி உண்டாக்க வேண்டும். அந்த வழியில் நாடா ஓட வேண்டும். பிறகு, சீப்பு மாதிரி இருக்கும் அச்சு வந்து ஊடை நூலைத் தட்டி நெருக்க வேண்டும். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, திரும்பத் திரும்ப. ஒரு இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாதா என்ன?

யோசனை கச்சிதம். செய்த பொருள்தான் பூதம் மாதிரி இருந்தது. பாவை செங்குத்தாக நிறுத்தியிருந்தார். அச்சு ஒவ்வொரு முறையும் சுமார் 25 கிலோ எடையோடு வந்து விழும். நாடாவை வீசும் ஸ்பிரிங், ராக்கெட்டையே ஏவுகிற அளவுக்கு முரட்டுத்தனம். இதை ஓட்ட இரண்டு பலசாலிகள் வேண்டும். அவர்களும் மெதுவாகத்தான் ஓட்ட முடியும், கொஞ்ச நேரத்தில் களைத்துவிடுவார்கள். ஆனாலும் ஒரு துண்டு துணி வந்துவிட்டது! உலகத்தையே ஜெயித்த சந்தோஷத்தில் 1785 ஏப்ரலில் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான், சரி, மற்றவர்கள் எப்படித்தான் நெய்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஆமா, அதுக்கப்புறம்தான்! சாதாரணக் கைத்தறியில் ஓர் ஆள் அலட்டிக்கொள்ளாமல் நெய்வதைப் பார்த்து அசந்துபோனார். இந்தக் கதையை அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார், தன்னைத்தானே கிண்டல் செய்தபடி. எனக்கு இவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அதே 1785-ல் ஆலிஸ் இறந்துபோனார். குழந்தைகள் சின்ன வயது. இதற்கு மேல் அந்த வருஷத்தைப் பற்றி நான் அலங்காரமாக எழுத எதுவும் இல்லை. அவர் தறியை விடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. அடுத்தடுத்த வருடங்களில் வரிசையாகப் புதிய காப்புரிமைகள். 1787-ல் பதிவு செய்த தறி, முதல் தறியோடு ஒப்பிட்டால் வேறு ஜென்மம். பாவு படுக்கைவாக்குக்கு வந்துவிட்டது. ஒரே அச்சுத்தண்டு சுழன்றால் மூன்று அசைவும் முறைப்படி நடக்கும். நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். கை நெசவாளருக்கு நூல் அறுந்தது கண்ணில் படும், கால் தானாக மிதியிலிருந்து எடுபடும். இரும்புக்குக் கண் ஏது? அறுந்த நூலோடு ஓடிக்கொண்டே இருந்தால் கெஜக்கணக்கில் துணி பாழ். தறிக்கு ஒரு கண் வேண்டும் என்று அவ்வளவு சீக்கிரமே புரிந்துகொண்டார் கார்ட்ரைட்.

முதலில் காளை, அப்புறம் நீராவி

ஆலிஸின் ஊரான டான்காஸ்டரிலேயே ஆலை தொடங்கினார். தறிகளைச் சுழற்ற முதலில் பயன்பட்டது என்ன தெரியுமா? ஒரு காளை மாடு. நம்ம ஊர் செக்கு மாதிரி. அடுத்த ஓரிரு வருடங்களில், 1789 வாக்கில், அங்கே நீராவி இயந்திரம் வந்தது. ஜேம்ஸ் வாட் போன்றவர்களின் வேலையால், சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நீராவி இயந்திரம் சக்கரம் சுழற்றவும் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அதுவரை ஆலை என்றால் ஆற்றங்கரையில்தான். கோடையில் தண்ணீர் குறைந்தால் வேலையும் குறையும். நிலக்கரி கிடைத்தால் எங்கேயும் ஆலை போடலாம், எந்த மாதமும் ஓட்டலாம் என்று நீராவி சொன்னது.

கவிஞர் ஜார்ஜ் க்ராப் இவருடைய நண்பர். அவர் மனைவியோடு டான்காஸ்டர் ஆலையைப் பார்க்க வந்தார். உள்ளே நுழைந்ததும் இடி மாதிரி சத்தம். அத்தனை ராட்சத இயந்திரங்களுக்கும் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் சின்னப் பிள்ளைகள். திருமதி க்ராப் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். இவ்வளவு பெரிய முயற்சியில் நண்பர் எவ்வளவு பெரிய ஆபத்தை இழுத்துவிட்டுக்கொண்டாரோ என்ற பயம் என்று அவருடைய மகன் பிறகு எழுதினார். எனக்கென்னவோ, அந்தப் பிள்ளைகள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

ஆலை ஓடியது, லாபம் வரவில்லை. காரணம் கேட்டால் நம்ம ஊர் நெசவாளர் உடனே சிரிப்பார்: கஞ்சி. பாவு நூல் உராய்ந்து அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போட வேண்டும். கைத்தறிக்காரர் கொஞ்சம் நெய்வார், நிறுத்துவார், அடுத்த பகுதிக்குக் கஞ்சி தடவுவார், மறுபடி நெய்வார். விசைத்தறியிலும் அதே கதை. கஞ்சி போட அடிக்கடி தறியை நிறுத்த வேண்டும், அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். ஒரு தறிக்கு ஓர் ஆள் எப்படியும் தேவை என்றால், நீராவிக்கு வேறு எதற்குச் செலவு செய்வது? கார்ட்ரைட் இதற்கும் வழி தேடினார், முழுசாகக் கைகூடவில்லை.

மான்செஸ்டர் தீ

பெரிய வாய்ப்பு மான்செஸ்டரிலிருந்து வந்தது. க்ரிம்ஷா என்ற நிறுவனத்தார் அவருடைய தறிகளை நூற்றுக்கணக்கில் பொருத்தி ஒரு பெரிய ஆலை நடத்த ஒப்பந்தம் போட்டார்கள். இது மட்டும் ஓடியிருந்தால் இந்தக் கட்டுரையே வேற மாதிரி இருந்திருக்கும். 1790களின் தொடக்கத்தில், தறிகளில் ஒரு பகுதியைத்தான் பொருத்தியிருந்தார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. பிறகு ஒருநாள் ஆலை எரிந்து சாம்பலானது. அதோடு வேறு எந்த முதலாளியும் கார்ட்ரைட் தறியைத் தொட முன்வரவில்லை.

மிரட்டியவர்களை வில்லன்களாகப் பார்க்க என்னால் முடியவில்லை. நூல் குவிந்து கிடந்த அந்த வருடங்கள்தான் இங்கிலாந்து கைநெசவாளர்களின் பொற்காலம். நல்ல கூலி, சொந்த வீட்டில் சொந்தத் தறி, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்த வாழ்க்கைக்கு வந்த முதல் சாவுமணி அந்த ஆலை. அவர்கள் கணக்கு தப்பவும் இல்லை.

இதற்கிடையில் கார்ட்ரைட் இன்னொரு பெரிய விஷயத்தையும் செய்து முடித்திருந்தார். கம்பளி ரோமத்தைச் சீவும் இயந்திரம், 1789-ல் காப்புரிமை. இருபது பேர் கையால் சீவுவதை ஒரே இயந்திரம் சீவிவிடும். இந்த முறை தொழிலாளர்கள் நெருப்பு வைக்கவில்லை, நாடாளுமன்றம் போனார்கள். இயந்திரத்துக்குத் தடை கேட்டு 1794-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. தடை வரவில்லை. ஆனால், அதற்கு முந்தைய வருடமே அவர் கதை முடிந்திருந்தது. சுமார் 30,000 பவுண்டு நஷ்டம். அன்றைய மதிப்பில் அது பல தலைமுறை உட்கார்ந்து சாப்பிடும் பணம். 1793-ல் டான்காஸ்டர் ஆலையைக் கைவிட்டு, கண்டுபிடிப்புகளின் உரிமையைச் சகோதரர்கள் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். மேஜர் ஜானும் தம்பியை நம்பி ரெட்ஃபோர்டில் ஒரு ஆலை கட்டியவர்தான். அதுவும் மூடப்பட்டது.

ஐம்பது வயசுல மறுபடியும் முதல்ல இருந்து

ஐம்பது வயதில் கடனாளி. நீங்களும் நானும் என்றால் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவோம். இவர் லண்டனுக்குப் போய் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் செங்கல் செய்தார். தீப்பிடிக்காத தளம் போட வழி சொன்னார். 1797-ல் புதுவகை நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலை ஆவியாக்கி ஓட்டலாம் என்பதும் அதில் ஒரு யோசனை. நீராவிப் படகுக் கனவோடு சுற்றிக்கொண்டிருந்த ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் நண்பரானார். (1807-ல் ஹட்சன் நதியில் நீராவிப் படகு ஓட்டிப் புகழ்பெற்றவர் அதே ஃபுல்டன்தான்.) அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபோர்டு பிரபுவின் வோபர்ன் பண்ணையில் சோதனைப் பயிர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சில வருடங்கள் சம்பளம், நிம்மதி.

அவர் உரம் போட்டு உருளைக்கிழங்கு வளர்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஸ்டாக்போர்ட்டில் அவர் விட்ட இடத்தில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வில்லியம் ராட்கிளிஃபின் ஆலையில், பாவு தறிக்கு வருவதற்கு முன்பே மொத்தமாகக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் இயந்திரம் வந்தது. வில்லியம் ஹாராக்ஸ் இரும்பில் தறி செய்தார். சிக்கல் தீர்ந்தது. 1804-ல் கார்ட்ரைட்டின் தறிக் காப்புரிமை காலாவதி ஆகியிருந்தது. இனி யார் ஓட்டினாலும் அவருக்கு ஒரு பென்னிகூடத் தர வேண்டியதில்லை.

அதன்பிறகு நடந்ததுக்கு எண்ணிக்கையே போதும். 1813-ல் பிரிட்டனில் சுமார் 2,400 விசைத்தறிகள். 1820-ல் 14,000-ஐத் தாண்டியது. 1833-ல் ஒரு லட்சம். 1812 ஏப்ரலில் வெஸ்ட்ஹாட்டன் என்ற ஊரில் விசைத்தறி ஆலைக்குத் தீ வைத்த வழக்கில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். 1826-ல் லங்காஷயர் நெசவாளர்கள் ஊர் ஊராக நடந்துபோய் சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தார்கள். போல்டன் ஊரில் கைநெசவாளரின் வாரக் கூலி முப்பதே வருடங்களில் நாலில் ஒரு பங்காகச் சரிந்தது. மலிவான அந்த ஆலைத்துணி கப்பலேறி நம்ம பக்கத்துக்கும் வந்தது. ஒரு காலத்தில் உலகத்துக்கே பருத்தித் துணி அனுப்பிய சோழமண்டலக் கரையின் தறிகளும் அதற்கு முன்னால் தாக்குப்பிடிக்கத் திணறின.

1807-ல் மான்செஸ்டர் பக்கத்து நிறுவனங்கள் ஐம்பது சேர்ந்து பிரதமருக்கு ஒரு மனு கொடுத்தன. இந்த மனிதரின் யோசனையில் நாங்கள் பிழைக்கிறோம், அவருக்கு நாடு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1809-ல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு ஒதுக்கியது. செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்கு. சிலருக்கு இது கௌரவமான பரிசாகத் தெரியலாம், எனக்கு லேட்டா வந்த பார்ஷியல் ரீஃபண்ட் மாதிரிதான் தெரியுது. அவர் புலம்பவில்லை. கென்ட் பகுதியில் ஹாலண்டன் என்ற சின்னப் பண்ணையை வாங்கிக் குடியேறினார். கடைசி வருடங்களிலும் கை சும்மா இருக்கவில்லை. எண்பதை நெருங்கும் வயதில், குதிரையே இல்லாமல் மனிதர்கள் இயக்கி ஓட்டும் ஒரு வண்டியைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய மகள் எலிசபெத், மிஸஸ் மார்க்கம் என்ற புனைபெயரில் குழந்தைகளுக்காக எழுதிய இங்கிலாந்து வரலாறு 1823-ல் வெளியாகி, பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் படித்த புத்தகமானது. அதே வருடம் அக்டோபர் 30 அன்று ஹேஸ்டிங்ஸில் கார்ட்ரைட் இறந்தார். பக்கத்து ஊரான பேட்டிலில் அடக்கம் செய்தார்கள்.

இப்போ அந்தச் செஸ் பொம்மைக்கு வருவோம். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் அதன் ரகசியம் முழுசா வெளியே வந்தது. பெட்டியின் கதவுகளைத் திறந்து பல்சக்கரங்களைக் காட்டியதெல்லாம் கண்கட்டு வித்தை. உள்ளே நகர்ந்து உட்கார ஒரு இருக்கை இருந்தது. அதில் ஒரு நல்ல செஸ் வீரர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பொம்மையின் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.